வீட்டு நெட் மெதுவா இருக்கா? முதல்ல வயரைப் பாருங்க

குடிமக்களுக்கான இணையப் பயன்பாட்டு விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில், வீடுகளுக்கு இணைய வயரிங் செய்து தரும் தொழில்நுட்பர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



வந்திருக்கிற எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கு. பட்டா பார்க்கிறது, வில்லங்கச் சான்று எடுக்கிறது, கரண்ட் பில் கட்டுறது எல்லாம் அதிலேயே முடிஞ்சிடுது. ஆனாலும் சில வேலைகளுக்குக் கம்ப்யூட்டர் முன்னாடிதான் உட்காரணும். பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்தி விருப்பப் பட்டியல் போடுறதைக் கைப்பேசித் திரையில் செய்து பாருங்க, கண்ணு போயிடும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவங்க, ஆன்லைன் வகுப்பு எடுக்கிற ஆசிரியர்கள் பாடும் அதேதான். இதுக்காகத்தான் வீட்டுக்கு ஃபைபர் இழுத்து, ரவுட்டரிலிருந்து மேஜை வரைக்கும் லேன் கேபிளும் போடுறோம். வைஃபை மெதுவா இருந்தா சுவர் தடுக்குதுன்னு சமாதானம் சொல்லிக்கலாம். வயர் போட்டும் மெதுவா இருந்தா என்ன செய்யறது? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதலில் ஒரு கணக்கு. 100 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கியிருக்கீங்க. ஒரு கோப்பை டவுன்லோடு செய்யும்போது திரையில் 12 எம்பின்னு காட்டுது. உடனே ஏமாத்திட்டாங்கன்னு போன் போட வேண்டாம். திட்டத்தில் சொல்லும் எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். டவுன்லோடில் பெரும்பாலும் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5 வரும். ஆக, உங்களுக்கு வர வேண்டியது சரியாகவே வந்துகொண்டிருக்கிறது. என்னைக் கூப்பிட்ட வீடுகளில் கணிசமானவை இந்த வகுத்தல் கணக்கோடு முடிஞ்சு போனவை.

அடுத்து, வேகத்தை எப்படிச் சோதிக்கிறது? வீட்டில் டிவியில் படம் ஓடுது, பிள்ளைகள் இரண்டு பேர் போனில் வீடியோ பார்க்கிறாங்க, அந்த நேரத்தில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் வருகிற எண்ணுக்கு மதிப்பே இல்லை. எல்லாவற்றையும் நிறுத்துங்க. நிறுவனம் கொடுத்த பெட்டி இருக்கு பாருங்க, சுவரில் மாட்டியிருப்பாங்க, நாம மோடம்னு சொல்றது, அவங்க ஓஎன்டின்னு சொல்றது. அதிலிருந்து ஒரு புதிய, குட்டையான கேபிளை நேராக லேப்டாப்பில் செருகுங்க. லேப்டாப்பில் வைஃபையை அணைச்சிடுங்க. இதை மறந்தால் எந்த வழியாக வேகம் வந்ததுன்னு தெரியாது. மூணு தடவை சோதனை செய்து எழுதி வையுங்க. பிறகு வழக்கமா உட்காரும் மேஜையில், வழக்கமான கேபிளில் மறுபடி மூணு தடவை. பெட்டி பக்கத்தில் நல்ல வேகம், மேஜையில் குறைவு என்றால் கோளாறு உங்க வீட்டுக்குள்ளே. இரண்டு இடத்திலும் குறைவு என்றால் கோளாறு பெட்டியிலோ வெளியிலோ, இல்லைன்னா அந்த லேப்டாப்பிலோ இருக்கலாம்.

லேப்டாப்பே இல்லைங்க, போன்தான் இருக்குன்னு சொல்றவங்களுக்கு ஒரு வழி உண்டு. டைப்-சி சார்ஜர் துவாரத்தில் செருகுற மாதிரி லேன் அடாப்டர் கடையில் கிடைக்குது. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் பலவும் அதை ஏற்கும். வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணைச்சிட்டு வயரில் வருகிற வேகத்தைப் போனிலேயே பார்த்துக்கலாம். ஜிகாபிட் அடாப்டராக் கேட்டு வாங்குங்க. ஏன்னு இதோ சொல்றேன்.

சோதனையில் 94 அல்லது 95 வந்து, எத்தனை தடவை போட்டாலும் அதுக்கு மேல ஒரு புள்ளி நகரலைன்னா, அந்த எண்ணைக் கவனிங்க. 200 எம்பிபிஎஸ் திட்டம், 300 எம்பிபிஎஸ் திட்டம், எதுவானாலும் 94. தற்செயலா வர எண் இல்லை இது. லேன் இணைப்பு 100 எம்பிபிஎஸ்-ல் ஓடினால், தரவைப் பொட்டலம் கட்டுகிற செலவு போக மிஞ்சுவது சுமார் 94-தான். அதாவது, வெளியிலிருந்து 300 வந்து வாசலில் நிக்குது, உங்க வீட்டுக்குள்ளே ஏதோ ஒரு இடத்தில் 100-க்கு மேல விடாத குறுகலான வழி இருக்கு.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், நெட் மெதுவா இருக்குன்னு 100-லிருந்து 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினார். மாதம் 300 ரூபாய் கூடுதல். ஒன்பது மாதம் கட்டினார். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துப் பார்த்தால் மூவாயிரத்துக்கு மேலே. வேகம் கொஞ்சம்கூட மாறலை. "கூடக் காசு கொடுத்தா கூட வரணும் இல்லையா தம்பி?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதானே? பெட்டி பக்கத்தில் சோதித்தால் 300 வருது. மாடி அறையில் 94. கேபிளைப் பின்தொடர்ந்து போனோம். படிக்கட்டு பக்கத்தில் கேபிள் நீளம் பத்தாமல், வீட்டு எலக்ட்ரீஷியன் கரண்ட் வயர் மாதிரியே முறுக்கிச் சேர்த்து இன்சுலேஷன் டேப் சுத்தி வெச்சிருந்தார். பிரிச்சுப் பார்த்தா நீல ஜோடியில் ஒரு கம்பி அறுந்து தொங்குது. அவ்வளவுதான் விஷயம். புது கேபிள் ஒரே நீளமா இழுத்தோம். சேவை நிறுவனத்தின் மேல் இதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த ஒன்பது மாதத்தில் அவர் மூணு தடவை புகார் கொடுத்தும், மேஜையில் எத்தனை வருது, பெட்டியில் எத்தனை வருதுன்னு யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

ஒரு கம்பி அறுந்தால் ஏன் முழுசா நிக்காமல் 94-ல் ஓடுது? லேன் கேபிளுக்குள்ளே எட்டு கம்பி, நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ் போக இரண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பி. 1000 எம்பிபிஎஸ், அதாவது ஜிகாபிட் ஓட, நாலு ஜோடியும் வேணும். ஒரு ஜோடி போச்சுன்னா பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கும். எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. அதனாலதான் பல பேர் வருஷக்கணக்கில் தெரியாமலே ஓட்டிட்டிருக்காங்க. சில கருவிகள் இறங்கவும் தெரியாமல் இணைப்பை விட்டு விட்டுப் பிடிக்கும்.

இதைத் தெரிஞ்சுக்க ஸ்பீடு டெஸ்ட்கூட வேண்டாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் உள்ளே ஈதர்நெட்டைத் திறங்க. லிங்க் ஸ்பீடு என்ற வரியில் 1000/1000 இருந்தால் நல்லது. 100/100 இருந்தால் நான் சொன்ன கதை. 10 என்று காட்டினால் கேபிளோ, துவாரமோ மோசமா அடிபட்டிருக்குன்னு அர்த்தம். இடி மின்னலுக்குப் பிறகு இப்படி வருவது உண்டு. கேபிளை வேற துவாரத்தில் மாத்திச் செருகிப் பாருங்க. ஒரு துவாரம் மட்டும் கெட்டு மற்றது நல்லா இருக்கும்.

இப்போ கேபிள் பற்றிக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா வீடுகளில் நான் பார்க்கிற கோளாறில் பெரும்பகுதி இதில்தான். கேட் 5இ அல்லது கேட் 6 போதும், வீட்டுக்கு அதுக்கு மேல தேவையில்லை. கேட் 8-ன்னு விளம்பரம் பார்த்து வாங்குறது வீண். ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை 100 மீட்டருக்குள் இருக்கணும். எந்த வீட்டிலும் அவ்வளவு போகாது. ஆனா கடையில் "கேட் 6" என்று அச்சடிச்சு மலிவா விற்கிற கேபிள்களில் பல, அலுமினியக் கம்பிக்கு மேல செம்பு பூசினவை. கத்தியால் லேசாச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாத் தெரியும். சுருளைத் தூக்கிப் பார்த்தாலே எடை குறைவு. அலுமினியம் எளிதில் ஒடியும், கனெக்டருக்குள்ளே பிடிப்பு சீக்கிரம் தளரும். சுவருக்குள் புதைக்கப் போற கேபிளில் இந்த மிச்சம் பிடிக்காதீங்க. முழுச் செம்புன்னு கேட்டு வாங்குங்க.

இன்னொரு பழக்கம் நம்ம ஊரில் ரொம்ப சகஜம். ஒரே கேபிளில் எட்டு கம்பி இருக்கேன்னு, நாலு கம்பியைக் கம்ப்யூட்டருக்கும் நாலு கம்பியை டிவிக்கோ மாடிக் குடித்தனத்துக்கோ பிரிச்சுக் கொடுத்திடுவாங்க. 100 எம்பிபிஎஸ் காலத்தில் அது கெட்டிக்காரத்தனம். ஜிகாபிட் திட்டத்துக்கு அதுவே முட்டுக்கட்டை. கனெக்டர் வழியாப் பார்த்தாலே நிறங்கள் தெரியும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன், இந்த வரிசை வழக்கமானது. எட்டும் இல்லை, நாலுதான் இருக்குன்னா காரணம் கிடைச்சாச்சு. பச்சையும் நீலமும் ஏன் இப்படிக் குறுக்கே மாறி வருதுன்னு யோசிச்சு, அழகா நிறவாரியா வரிசைப்படுத்தி கிரிம்ப் பண்ணிடாதீங்க. அப்படிச் செய்தால் ஜோடி பிரிஞ்சு சத்தம் கலந்து, இணைப்பு இருக்கும் ஆனா வேகம் இருக்காது.

கனெக்டரின் அந்தச் சின்ன பிளாஸ்டிக் நாக்கு உடைஞ்சிருந்தால் மாத்துங்க. மேஜை ஆடினால் இணைப்பு ஆடும். கரண்ட் வயர் போற அதே பைப்பில் லேன் கேபிளை விடக் கூடாது. இரைச்சல் என்பது சின்னப் பிரச்சினை, இன்சுலேஷன் போனால் உயிருக்கே ஆபத்து. மொட்டை மாடி வழியா பக்கத்து வீட்டுக்குத் திறந்த வெளியில் கேபிள் போட்டிருக்கிறவங்க, மின்னல் நேரத்தில் இரண்டு பக்கமும் கழற்றி வையுங்க.

கேபிள் சரியா இருந்தும் 94 என்றால் பெட்டிகளைப் பாருங்க. கடையில் "300 எம்பிபிஎஸ் ரவுட்டர்" என்று விற்கிறாங்களே, அந்த 300 வைஃபைக்கான எண். அந்த வகை மலிவு ரவுட்டர்களில் பின்னாடி இருக்கிற வயர் துவாரங்கள் 100-தான். 1200 என்று பெயர் போட்ட சில மாடல்களும் இப்படித்தான். அட்டைப்பெட்டியில் ஜிகாபிட் போர்ட் என்று எழுதியிருக்கான்னு பார்த்து வாங்கணும். வாங்குறவங்களுக்குப் புரியிற மாதிரி இதைப் பெட்டியின் முன்பக்கம் போட்டால் என்ன குறைஞ்சிடும்னு எனக்கு எப்பவும் தோணும். நிறுவனம் கொடுக்கிற ஓஎன்டி சிலவற்றில் ஒரு துவாரம் ஜிகாபிட், இன்னொன்று 100. உங்க ரவுட்டரைத் தப்பான துவாரத்தில் செருகியிருந்தால், மாத்திச் செருகினாலே போதும், காசே செலவில்லை. பழைய ஐந்து துவார ஸ்விட்ச், யுஎஸ்பி 2.0 லேன் அடாப்டர் இரண்டும் இதே பட்டியலில் சேரும்.

வேகம் சரியா இருக்கு, ஆனா விட்டு விட்டு வருதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு சோதனை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் அடிச்சு ஒரு இடைவெளி விட்டு ரவுட்டரின் எண்ணைப் போடுங்க. பல ரவுட்டர்களில் அது 192.168.1.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருப்பாங்க. பதில் ஒரு மில்லி செகண்டோ அதுக்குக் குறைவாவோ வரணும். ஒன்றுகூடத் தவறக் கூடாது. பிறகு 8.8.8.8 போட்டு அதே சோதனை. முதலாவதில் "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" வந்தால் வீட்டுக்குள் கேபிள். முதலாவது சுத்தமா இருந்து இரண்டாவதில் மட்டும் தொடர்ந்து விட்டுப் போனால் வெளி லைன்.

வீட்டிலிருந்து கால் சென்டர் வேலை பார்க்கிற ஒரு அம்மா, கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு. அழைப்பு நடுவில் அறுந்தால் அவங்க கணக்கில் குறை எழுதுவாங்க, சம்பளத்தில் பிடிப்பாங்க. வேலையே போகிற நிலை. பிங் சோதனையில் கேபிள் சுத்தம். வேகமும் நல்லா இருந்தது. ஆனால் தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சில நிமிஷம் நெட் போகுது. என்ன நேரம்னு ஒரு வாரம் எழுதச் சொன்னேன். எழுதினாங்க. கீழ் வீட்டில் தண்ணி மோட்டார் போடுற நேரம்! மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கி, ஓஎன்டி அணைஞ்சு மறுபடி எழுந்திரிக்குது. பெட்டியின் பழைய அடாப்டரும் தளர்ந்து போயிருந்தது. அடாப்டரை மாத்தி, ரவுட்டருக்குன்னே விற்கிற சின்ன யுபிஎஸ் ஒன்று வெச்சோம். நின்னுடுச்சு.

ஃபைபர் பக்கத்தில் நாம செய்ய முடிவது குறைவு. பெட்டியில் லாஸ் என்ற விளக்கு சிவப்பா எரிஞ்சால் கண்ணாடி இழையில் ஒளியே வரலை, உடனே புகார் கொடுக்கணும். மஞ்சள் வயரை ஆணியில் மடிச்சு மாட்டாதீங்க. அலமாரிக்குப் பின்னாடி நசுங்காமல் பார்த்துக்குங்க. முனையைக் கழற்றிக் கண்ணால் உத்துப் பார்க்கவே கூடாது, கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி அது. லைன்மேன் வந்தால் பவர் எத்தனைன்னு கேளுங்க. மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் வசதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் இணைப்பு தடுமாறும். ஜாயிண்ட்டைச் சரிசெய்து கொடுங்கன்னு நீங்க கேட்கலாம்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல மட்டும் மெதுவா? வீட்டுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் உங்களுக்கு மட்டுமான தனி லைன் இல்லை. தெருவில் ஒரு இழையைப் பிரிச்சு 32 வீடு, 64 வீடு என்று கொடுப்பது இந்தத் தொழில்நுட்பத்தின் வழக்கம். அந்த மொத்த இழையில் இறங்கும் வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ். அதுக்கு மேல ஆபரேட்டர் மொத்தமா எவ்வளவு வாங்கி வெச்சிருக்கார் என்பதும் இருக்கு. இது உங்க கேபிளை மாத்தித் தீராது. ஒரு வாரம் காலை ஆறு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் சோதித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க.

சிசிடிவி வெச்சிருக்கிறவங்க ஒன்று பாருங்க. நாலு கேமரா ராத்திரி பகலா கிளவுடுக்கு வீடியோ ஏத்திட்டிருந்தால் அப்லோடு வழி அடைச்சுக்கும். அப்லோடு அடைச்சால் டவுன்லோடும் தவிக்கும், சான்றிதழ் பிடிஎஃப் ஏத்தும்போது பாதியில் நிக்கும். கேமரா வயரைப் பத்து நிமிஷம் கழற்றிப் பார்த்தால் தெரிஞ்சிடும்.

ஸ்பீடு டெஸ்ட் நல்லா வருது, ஒரே ஒரு இணையதளம் மட்டும் திறக்க மாட்டேங்குதுன்னா, கோளாறு உங்க வீட்டில் இல்லை. விண்ணப்பக் கடைசி நாள் சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் நுழையும்போது எந்தத் தளமும் திணறத்தான் செய்யும், அரசுத் தளங்களும் விலக்கில்லை. இரண்டு நாள் முன்னாடியே முடிச்சிடுங்க. எல்லாத் தளமும் முதலில் யோசிச்சு அப்புறம் வேகமாத் திறக்குதுன்னா, ரவுட்டரில் டிஎன்எஸ் எண்ணை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாத்திப் பாருங்க.

மாதக் கடைசியில் திடீர்னு 2 எம்பிபிஎஸ் ஆகிப்போச்சுன்னா அளவு தீர்ந்திருக்கும். அன்லிமிடெட் என்று சொல்லும் பல திட்டங்களில் 3300 ஜிபி வரைதான் முழு வேகம். சின்னத் திட்டங்களில் இன்னும் குறைவு. ஆப்பில் பயன்பாட்டுக் கணக்கு இருக்கும்.

இதையெல்லாம் பார்த்தும் பெட்டி பக்கத்திலேயே வேகம் இல்லைன்னா, புகார். வாய்மொழியா லைன்மேனிடம் சொல்றது புகார் ஆகாது. நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து டாக்கெட் எண் வாங்குங்க. டிராய் 2012-ல் கொண்டுவந்த விதிமுறையின்படி, பழுது, சேவைத் தடங்கல் புகார்களை மூணு நாளைக்குள் கவனிக்கணும். தீரலைன்னா 30 நாளைக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம்; கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்லணும். டிராய்க்கே நேரா எழுதினால், தனிநபர் புகார்களை அவங்க விசாரிப்பதில்லை. இன்னொரு விஷயம்: 2023 முதல் பிராட்பேண்ட் என்று சொல்ல மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச வேகம் வெறும் 2 எம்பிபிஎஸ். அதனால் "பிராட்பேண்ட் வேகம் வரலை"ன்னு எழுதாதீங்க. "நான் எடுத்தது 200 எம்பிபிஎஸ் திட்டம், ஓஎன்டியில் நேரடியாக வயரில், வேறு எந்தக் கருவியும் இல்லாமல், இந்தத் தேதிகளில் இந்த வேகம் வந்தது" என்று எழுதுங்க. ஸ்கிரீன்ஷாட்டை இணையுங்க. இப்படி எழுதினால் "வைஃபையா இருக்கும் சார், சுவர் தடுக்கும் சார்" என்ற பதிலுக்கு இடமே இருக்காது.

அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. தொலைத்தொடர்பு சேவை பற்றிய வழக்கை அங்கே கொண்டுபோகலாம்னு உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாச் சொல்லியிருக்கு. சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. வழக்குக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் பாருங்க. தமிழிலேயே பேசலாம். டாக்கெட் எண்ணைக் கையில் வெச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க, முதலில் அதைத்தான் கேட்பாங்க.